தனபாக்கியத்தின் ஒட்டாத எலும்பு

போன மாதம் கஸ்தூரி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த எக்ஸ்ரே பெண். இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது.

"அக்கா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பெரிய பேனர் வச்சிருக்காங்க. 'எலும்பு ஒட்டவில்லையா? ஸ்டெம் செல் சிகிச்சை'ன்னு போட்டிருக்கு. ஒரு வெள்ளைக்காரன் மலையேறுற படம் வேற. உங்க காலத்துல இதெல்லாம் ஏது?"

'உங்க காலம்' என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். நான் என்னவோ கல்வெட்டிலிருந்து எழுந்து வந்த மாதிரி.

"இருந்துச்சுடி. பேருதான் இல்ல. மலையேறுற வெள்ளைக்காரனும் இல்ல" என்றேன்.

"அப்ப எழுதுங்களேன். இப்ப இருக்கிற பசங்க படிக்கட்டும்."

இப்போதிருக்கிற பசங்க எதையும் படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். பென்ஷன்காரிக்கு வேறென்ன வேலை?

நான் புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரி. அப்பாவுக்கு மில்லில் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் தங்கி எக்ஸ்ரே படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நோயாளியிடம் 'மூச்சை அடக்குங்க' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். படம் எடுத்த பிறகு 'மூச்சு விடுங்க' என்று சொல்ல மறக்கக் கூடாது என்பதை, ஒரு பெரியவர் நீலம் பூத்து நின்றதைப் பார்த்த பிறகு கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான். அதன் பிறகு புதுச்சேரிக்கே வந்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். சில பேருடைய பிள்ளைகள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

அங்கே எனக்குக் கிடைத்த மெஷின் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. அவர்கள் போனபோது ஊரில் பல பேர் இந்தியக் குடியுரிமையா பிரெஞ்சுக் குடியுரிமையா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டார்கள். என் மெஷின் குழப்பமில்லாமல் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்டது. மதியச் சாப்பாட்டு நேரம் வந்தால் வேலை செய்யாது. அதட்டினால் பியூஸ் போகும்.

சனிக்கிழமை என்றால் எலும்பு வார்டுக்குத் திருவிழா. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மதுவிலக்கு இருந்த வருஷங்கள் அவை. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சைக்கிள் மிதித்து வருவார்கள். வரும்போது ஒழுங்காகத்தான் வருவார்கள். திரும்பும்போதுதான் ரோடு வளைந்துகொடுக்காது. மணிக்கட்டு, தோள்பட்டை, விலா என்று வரிசையாக என் மேஜையில் படுப்பார்கள். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு நான் வந்தால் ஒருவர் தவறாமல் எழுந்து, 'போலீஸ்காரம்மா வந்துட்டாங்க' என்று கும்பிடுவார்.

எங்கள் எலும்பு டாக்டர் பெயர் அந்துவான். அசல் புதுச்சேரித் தமிழர், பிரான்சில் படித்தவர். என்னை 'மத்மோசெல்' என்று கூப்பிடுவார், கல்யாணமாகாத பெண்ணை அழைக்கும் மரியாதை. கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெற்ற பிறகும் நான் அவருக்கு மத்மோசெல்தான். நோயாளிப் பெண்கள் எல்லாரும் 'மதாம்'. பிரெஞ்சு சிகரெட் ஒன்று வாயோரத்தில் எப்போதும் புகைந்துகொண்டே இருக்கும், ஆபரேஷன் அறையையும் என் இருட்டறையையும் தவிர.

அவருக்குப் படம் காயும்வரை பொறுமை கிடையாது. நான் இருட்டறையில் சிவப்பு விளக்கில் ஃபிலிமை டெவலப்பரில் முக்கி, அலசி, பிக்ஸரில் போட்டு எடுத்ததுமே கதவைத் தட்டுவார். ஈரத்தோடு வாங்கிக்கொண்டு வராந்தா ஜன்னலுக்கு ஓடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் வழியும். படம் நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். மோசமாக இருந்தால் 'மெர்த்!' என்பார். பிரெஞ்சில் அது கழிவறை சம்பந்தப்பட்ட வார்த்தை. ஊரில் பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியும், மீதிப் பேருக்குத் தெரியாது. தெரியாதவர்களில் ஒருத்திதான் தனபாக்கியம்.

அவள் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்தவள். வயது நாற்பதுக்குள். புருஷன் என்று ஒருவன் இருந்தான், ஒருநாள் போய்விட்டான். எங்கே போனான் என்று அவளும் தேடவில்லை. ரெண்டு பெண் பிள்ளைகள், ரெண்டும் பள்ளிக்கூடத்தில். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு நடந்தவளை ஒரு ஸ்கூட்டர் இடித்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் எலும்பு முறிந்துவிட்டது. இது நடந்தது எண்பதுகளின் நடுவில்.

எலும்பு முறிந்தால் பெரும்பாலும் தானே ஒட்டும். டாக்டர் செய்வதெல்லாம் நேராக்கி, அசையாமல் பிடித்துவைப்பதுதான். சில வாரங்கள் கழித்துப் படம் எடுத்தால் முறிவைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் புது எலும்பு தெரியும். சில பேருக்கு மட்டும் தெரியாது. ரெண்டு முனையும் மழுங்கி, நடுவில் கறுப்பாக ஒரு இடைவெளி நிற்கும். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி மாதிரி, ஒரே காலில் தனித்தனிக் குடித்தனம்.

தனபாக்கியத்துக்கு அப்படித்தான் ஆனது. மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. பிளேட் வைத்தார்கள். சீழ் வைத்தது, பிளேட்டை எடுத்தார்கள். சீழ் ஆறிய பிறகு இடுப்பிலிருந்து எலும்புத் துண்டு வெட்டி நடுவில் வைத்தார்கள். அந்தத் துண்டும் கரைந்து காணாமல் போயிற்று. ஒவ்வொரு முறையும் படம் எடுத்தது நான். ஒவ்வொரு முறையும் வராந்தாவிலிருந்து 'மெர்த்!' என்று சத்தம் கேட்கும்.

ஒருநாள் மேஜையில் படுத்திருந்தவள் பக்கத்தில் நின்ற தன் தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு வந்திருக்கிறது மெர்த்துடி. டாக்டரு ஒவ்வொரு வாட்டியும் அத்தத்தான் சொல்றாரு. பெரிய வியாதிபோல."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அர்த்தத்தைச் சொன்னேன். அவள் தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தாள். பிறகு, "அவரு சொல்றது சரிதாம்மா" என்றாள்.

அவள் வாய்க்குப் பயந்து வார்டு பாய்கள் படுக்கையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். டாக்டர் முதல்முறை 'மதாம்' என்றபோதே, "மதாமா? நான் இன்னா வெள்ளைக்காரியா? தனபாக்கியம்னு வாய் நிறையக் கூப்புடுங்க" என்று சொன்னவள். என்னை 'போட்டோம்மா' என்பாள். வெற்றிலையோடு புகையிலையும் போடுவாள். எச்சில் துப்ப வைத்திருந்த டப்பா அவள் கட்டிலுக்கடியில் ஒரு அபாய அறிவிப்பு மாதிரி இருக்கும்.

ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். மில்லில் இருந்து ஆள் வந்து, இனியும் வேலைக்கு வரவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய பெண் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் இடத்தில் வேலைக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தனபாக்கியம் அழுது நான் பார்த்தேன். அழுதுகொண்டே அந்தப் பெண்ணை ஊன்றுகோலால் அடிக்கப் போனாள்.

அந்த வாரமே எங்கள் சூப்பரிண்டெண்ட் வார்டுக்கு வந்தார். சுத்தமான மனிதர், சட்டையில் மடிப்புக் கலையாது. படங்களை எல்லாம் வரிசையாக மாட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இனிமே இந்தக் காலோட போராடிப் பிரயோஜனம் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டுச் செயற்கைக் கால் பொருத்தினா சில மாசத்துல வேலைக்குப் போயிடுவாங்க. பெட்டும் காலியாகும்" என்றார்.

கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மீதி எதுவும் தப்பில்லை. ஊன்றுகோலில் தொங்கிக்கொண்டு ரெண்டு வருஷம் ஓட்டியவளுக்கு அதுவும் ஒரு வழிதான். எனக்கே அது நியாயமாகப் பட்டது. அந்துவான் டாக்டரும் தலையாட்டினார். தனபாக்கியம் மட்டும் தலையாட்டவில்லை.

"கால் சரியா இல்லன்னா கால வெட்டுவீங்க. மூள சரியா இல்லன்னா இன்னா சார் பண்ணுவீங்க?"

சூப்பரிண்டெண்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். முதுகுக்குப் பின்னால் வார்டே இருமியது.

மறுநாள் டாக்டர் இருட்டறைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு மருத்துவப் பத்திரிகை.

"மத்மோசெல், இடுப்பெலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கு இல்லையா? அதை ஊசியால உறிஞ்சி, முறிஞ்ச இடத்துல ஊசியாலயே போட்டா எலும்பு வளருதாம். கத்தி வேண்டாம். சில இடத்துல செஞ்சு பாத்திருக்காங்க."

"உறிஞ்சிப் போடறது. அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ஏன் வளருதாம்?"

"மஜ்ஜைக்குள்ள எலும்பா மாறக்கூடிய விதை மாதிரி ஏதோ இருக்குன்னு சொல்றாங்க. எனக்கும் முழுசாப் புரியலை." சிகரெட்டை எடுத்தார். ஃபிலிம் கெட்டுவிடும் என்று நான் கதவைக் காட்டினேன். எடுத்த இடத்திலேயே வைத்தார். "நீ ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வரணும். ஊசி முனை சரியான இடத்துல நிக்குதான்னு உன் படத்தை வச்சுத்தான் பாக்கணும்."

அந்த விதைக்குத்தான் இப்போது ஸ்டெம் செல் என்று பெயர் வைத்து, லேபில் பிரித்து, பெருக்கி, பேனரில் ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் பிரிக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை. மஜ்ஜையில் என்னென்ன இருந்ததோ எல்லாம் சேர்த்து அப்படியே போட்டோம்.

தனபாக்கியத்திடம் டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம், இது ஒன்றும் உத்தரவாதமில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "நல்லி எலும்ப உறியற மாதிரி உறிஞ்சப் போறீங்க. உறிஞ்சத நீங்க தின்னாம எனக்கே திருப்பிக் குடுக்கணும். சம்மதம்" என்றாள்.

தியேட்டரில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அவளை மல்லாத்திப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் முன்விளிம்பில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். காலில் முறிந்த இடத்திலும் அப்படியே. ஆள் முழிப்போடுதான் இருந்தாள், அதுதான் பிரச்சினை. மஜ்ஜை எடுக்கும் ஊசி பென்சில் மாதிரி தடிமன், உள்ளே ஒரு கம்பி. டாக்டர் அதை எலும்பில் வைத்து, திருகாணி முடுக்குவதுபோல வலமும் இடமுமாகத் திருகினார். 'கறுக்' என்று உள்ளே இறங்கியது. கம்பியை உருவிவிட்டு சிரிஞ்சை மாட்டி இழுத்தார். மரத்துப்போகும் மருந்து எலும்பின் மேல்தோலோடு சரி, உள்ளே உறிஞ்சும்போது வலி தெரியும். தனபாக்கியம் மூன்று தலைமுறை ஸ்கூட்டர்காரர்களைத் திட்டி முடித்தாள்.

ஒரே இடத்தில் நிறைய இழுத்தால் வெறும் ரத்தம்தான் வரும், மஜ்ஜை வராது. அதனால் கொஞ்சம் இழுத்து, ஊசியை நகர்த்தி, மறுபடி கொஞ்சம். கெட்டியான சிவப்பு, அதில் மினுமினுப்பாகக் கொழுப்புத் துளிகள். பார்க்க அசல் நல்லிக் குழம்புதான். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

இந்தப் பக்கம், காலில் இன்னொரு ஊசியை முறிவுக்குள் செருகி வைத்திருந்தார்கள். இப்போது மாதிரி டி.வி.யில் பார்த்துக்கொண்டே செய்யும் வசதி கிடையாது. நகர்த்தும் மெஷினை உருட்டி வந்து, முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, ஃபிலிம் கேசட்டைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்கு ஓடினேன். சேலைக்கு மேலே தியேட்டர் அங்கி, அதற்கு மேலே ஈயக் கவசம். அதோடு ஓடிப் பார்த்தால்தான் தெரியும். ஈரப் படத்தோடு திரும்பி வந்தேன். ஊசி முனை இடைவெளிக்கு வெளியே சதையில் நின்றது. நகர்த்தினார். மறுபடி படம், மறுபடி ஓட்டம். இந்த முறை சரியாக நடுவில்.

அதற்குள் சிரிஞ்சில் இருந்த மஜ்ஜை உறைந்து ஜெல்லியாகிவிட்டது. அமுக்கினால் நகரவில்லை.

"மெர்த்!" என்றார் டாக்டர்.

"உங்களுக்கும் வந்துடுச்சா?" என்றது மேஜையிலிருந்து குரல்.

உறைந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி இடுப்பில் உறிஞ்சினார்கள். இந்தத் தடவை ஊசியை முதலில் இடத்தில் நிறுத்திவிட்டு, உறிஞ்சிய கையோடு காலில் ஏற்றினார்கள். வேலை முடிந்தது. மாவுக்கட்டைப் போட்டு வார்டுக்கு அனுப்பினோம். தழும்பு கூட இல்லை, பஞ்சு ஒட்டிய ரெண்டு மூன்று ஓட்டைதான். 'இவ்ளோ சின்ன வேலைக்கா தியேட்டரை ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடிச்சீங்க?' என்று சூப்பரிண்டெண்ட் கேட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சில வாரங்கள் கழித்துப் படம் எடுத்தேன். ஒன்றுமில்லை. அதே கறுப்பு இடைவெளி. டாக்டர் ஜன்னல் அருகே நின்று வழக்கமான வார்த்தையைக் கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேரே வார்டுக்குப் போய் அவள் படுக்கையருகே நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"புகையிலையை விடணும். அது ரத்தக்குழாயைச் சுருக்குது. எலும்பு வளர ரத்தம் வேணும். இன்னொரு தடவை போடுறேன், ஆனா புகையிலை இருந்தா போட மாட்டேன்."

அவள் அவர் வாயையே பார்த்தாள். "உங்க வாயில இருக்கிறது இன்னா டாக்டரய்யா, ஊதுவத்தியா?"

டாக்டர் சிகரெட்டை எடுத்துப் பார்த்தார், இப்போதுதான் யாரோ அதை அங்கே வைத்துவிட்டுப் போன மாதிரி.

"எனக்குக் கால் ஒடியலையே" என்றார்.

"ஒடிஞ்சப்புறம் நிறுத்தினா இன்னா புண்ணியம்? நீங்க விடுங்க, நானும் வுட்டுடறேன். நீங்க வுடலன்னா நானும் வுடல."

அவர் அவளுடைய எச்சில் டப்பாவிலேயே சிகரெட்டைப் போட்டு அணைத்தார்.

அதன் பிறகு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! சிகரெட் இல்லாத அந்துவான் டாக்டரை யாரும் பார்த்ததில்லை, பார்த்திருக்கவும் வேண்டாம். மாவுக்கட்டு வெட்டும் கத்தரியை வீசினார். என் மெஷினை உதைத்தார், அது பதிலுக்கு ரெண்டு நாள் ஸ்டிரைக் செய்தது. நர்ஸ்கள் என்னிடம் வந்து, 'அந்தப் பொம்பளைகிட்ட சொல்லி ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் அனுமதி வாங்கிக் குடு' என்று கெஞ்சினார்கள். தனபாக்கியம் கறார். ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் "வாயத் தொறங்க, ஊதுங்க" என்பாள். பிரான்சில் படித்த டாக்டர் குனிந்து அவள் மூக்குக்கு நேராக ஊதுவார். அவளும் திருப்பி ஊதிக் காட்டுவாள். பின்னால் நிற்கும் மாணவர்கள் இதையும் ஏதோ பரிசோதனை என்று நினைத்துக் குறித்துக்கொண்டார்கள்.

ரெண்டாவது முறை மஜ்ஜை ஏற்றினோம். இந்தத் தடவை எதுவும் உறையவில்லை.

அதற்குப் பிறகான படத்தை ஒரு காலைவேளையில் எடுத்தேன். இருட்டறையில் கழுவி வெளிச்சத்தில் பார்த்தபோது, முறிவின் ஒரு ஓரத்தில் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, கோபம். டெவலப்பர் பழசாகிக் கறை விட்டிருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் கதவைத் தட்டினார். "படம் கெட்டுப்போச்சு, மறுபடி எடுக்கணும்" என்று உள்ளிருந்தே கத்தினேன். அவருக்கு இதைக் காட்டி, அப்புறம் கறை என்று தெரிந்தால் அந்த மனுஷன் அன்றைக்கே ஒரு பெட்டி சிகரெட்டை ஊதித் தள்ளியிருப்பார்.

டெவலப்பரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினேன். தனபாக்கியத்தை மறுபடி படுக்கவைத்தேன்.

"ஏம்மா போட்டோம்மா, மொதல்ல எடுத்ததுல நான் சிரிக்கலயா?" என்றாள். நான் கேசட்டை அவள் காலுக்கடியில் செருகினேன்.

புதுப் படத்திலும் அது இருந்தது. அதே இடத்தில், அதே வடிவத்தில். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மெல்லிய மேகம் எட்டிப் பிடித்திருந்தது. கறை இப்படி இடம் பார்த்து உட்காராது. நான் இருட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

டாக்டர் ஜன்னலில் படத்தைப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் சட்டைக்குள் போய்க்கொண்டே இருந்தது. வெகுநேரம் கையை இறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு உடனே பேனர்க்காரர்களிடம் ஓடாதீர்கள். அதன் பிறகு இன்னும் சில பேருக்கு இதையே செய்தோம். சில பேருக்கு ஒட்டியது. தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு ஒட்டவில்லை. அவருக்குப் பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது, சொன்னதையெல்லாம் கேட்டார், யாரையும் திட்டவில்லை. கடைசியில் காலை எடுக்கவேண்டியதாயிற்று. அவளுக்கு ஏன் ஒட்டியது, இவருக்கு ஏன் ஒட்டவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். மஜ்ஜையாலா, புகையிலையை விட்டதாலா, எப்படியும் ஒட்ட இருந்த எலும்பு அப்போதுதான் ஒட்டியதா என்றும் கேட்டேன். "தெரியாது, மத்மோசெல்" என்றார். நான் பார்த்த டாக்டர்களில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னவர்கள் ரொம்பக் கம்மி.

தனபாக்கியத்துக்குக் கட்டை நிரந்தரமாகப் பிரித்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

டாக்டருக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமை பிடித்துவிட்டது. வராந்தாவைக் கூட்டித் துடைக்கச் சொல்லியிருந்தார். மாணவர்களை ரெண்டு பக்கமும் நிறுத்தினார். சூப்பரிண்டெண்டையும் கூப்பிட்டிருந்தார், அவரும் மடிப்புக் கலையாமல் வந்து நின்றார். கட்டைப் பிரித்ததும் அந்தக் கால் வெளுத்துச் சூம்பி, முருங்கைக்காய் மாதிரி இருந்தது. தனபாக்கியம் அதைத் தடவிப் பார்த்தாள். மெதுவாக ஊன்றினாள். நின்றாள்.

"மதாம், இங்கேருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வாங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் டாக்டர்.

அவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "நான் இன்னா சர்க்கஸா காட்ட வந்தேன்? மில்லுல பேர எடுக்கறதுக்குள்ள போயி ரெண்டாம் ஷிப்டுக்குப் பேரு குடுக்கணும். நேரமாவுது."

ஊன்றுகோலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், ஊன்றவில்லை. பையை மாட்டினாள். லேசாக ஒரு பக்கம் சாய்ந்த நடையோடு படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டிப் போனாள். டாக்டர் கைகாட்டிய கோடி காலியாகவே கிடந்தது. மாணவர்கள் ரெண்டு வரிசையாக யாருக்கோ காத்திருப்பதுபோல நின்றார்கள்.

நாங்கள் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினோம், சூப்பரிண்டெண்ட் உட்பட. அவள் ரோட்டோரத்தில் நின்றாள். ரெண்டு பக்கமும் பார்த்தாள். வந்துகொண்டிருந்த ஒரு ஸ்கூட்டரைக் கையிலிருந்த ஊன்றுகோலை நீட்டி நிறுத்தினாள். அவன் என்னவோ கேட்டான், இவள் என்னவோ சொன்னாள், அவன் பேசாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்றிருந்த பஸ்ஸில் ஏறினாள்.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

சூப்பரிண்டெண்ட் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, பஸ் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் எத்தனை பேருக்கு ஒட்டாம இருக்கு?" என்று கேட்டார்.